‘அமெரிக்க நாடாளுமன்றம் பாராட்டியது’ என்ற செய்தியை எப்படிப் படிப்பது?

“அமெரிக்காவில் வாழும் தமிழருக்கு அந்நாட்டு நாடாளுமன்றம் கௌரவம்.” இப்படியொரு தலைப்பை நாம் அடிக்கடி பார்க்கிறோம். கீழே ஒரு புகைப்படம் இருக்கும்: தடித்த தாளில் அச்சிட்ட சான்றிதழ், மூலையில் பொன்னிற முத்திரை, பக்கத்தில் கோட்டு அணிந்த ஓர் எம்.பி. பெற்றுக்கொண்டவர் தமிழ்ப் பள்ளி நடத்துபவராக இருக்கலாம், பரதம் கற்றுக்கொடுப்பவராக இருக்கலாம், கொரோனா முடக்கத்தின்போது அக்கம்பக்கத்துக்கெல்லாம் சமைத்துக் கொடுத்தவராக இருக்கலாம். படிப்பவருக்கு உடனே ஒரு கேள்வி எழும். நாடாளுமன்றமே கூடி வாக்களித்தா இவரைப் பாராட்டியது?

பெரும்பாலும் இல்லை. அதனால் செய்தி பொய் என்று ஆகிவிடாது. அமெரிக்காவில் சாதாரணக் குடிமக்களைச் சட்டமன்றத்தினர் பாராட்டுவதற்குப் பல படிகள் இருக்கின்றன. கீழ்ப்படிக்கும் மேல்படிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். எல்லாவற்றையும் ‘நாடாளுமன்றம் கௌரவித்தது’ என்ற ஒரே சொல்லில் அடைப்பதால்தான் குழப்பம் வருகிறது.

முதலில் ஒரு சொல் விளக்கம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் பெயர் காங்கிரஸ். நம் ஊரில் அது கட்சியின் பெயர் என்பதால் இந்தக் கட்டுரையில் நாடாளுமன்றம் என்றே சொல்கிறேன். அதற்கு இரண்டு அவைகள். செனட்டில் 100 பேர், பிரதிநிதிகள் சபையில் 435 பேர். பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருவரின் தொகுதியில் சராசரியாக ஏழரை லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். அவருடைய பதவிக்காலம் இரண்டே ஆண்டுகள்.

பேசுவது யார்: அவையா, உறுப்பினரா?

இந்த விஷயத்தில் எல்லாமே இந்த ஒரு வேறுபாட்டில்தான் தொடங்குகிறது.

அவை பேசுகிறது என்றால் அதற்கு ஒரு தீர்மானமோ மசோதாவோ வேண்டும். யாராவது முன்மொழிய வேண்டும், பிறகு அவை அதை ஏற்க வேண்டும். குரல் வாக்கெடுப்பாக இருக்கலாம், எவரும் மறுக்காததால் நிறைவேறியதாக இருக்கலாம். எப்படியானாலும் அவையின் முடிவு என்று ஒன்று இருக்கும்.

உறுப்பினர் பேசுகிறார் என்றால் அது அவருடைய சொந்த வார்த்தை. அவையில் நின்று பேசினாலும், அவைக் குறிப்பில் அச்சானாலும் அந்த வார்த்தைக்கு அவர் ஒருவரே பொறுப்பு. மற்ற 434 பேருக்கு அப்படியொரு பாராட்டு நடந்ததே தெரியாமல் இருக்கலாம்.

நாம் செய்தியில் பார்க்கும் பாராட்டுகளில் மிகப் பெரும்பான்மை இந்த இரண்டாவது வகை.

அச்சேறும் பக்கம்

அமெரிக்க நாடாளுமன்றம் கூடும் ஒவ்வொரு நாளும் நடந்ததைப் பதிந்து ஓர் ஏடு வெளிவருகிறது. அதன் பெயர் காங்கிரஷனல் ரெக்கார்ட். 1873 மார்ச்சில் தொடங்கிய இந்தப் பதிவேட்டை அரசு அச்சகமே வெளியிடுகிறது. அதில் நான்கு பகுதிகள் உண்டு. பிரதிநிதிகள் சபை நடவடிக்கைகளின் பக்க எண்களுக்கு முன்னால் ‘எச்’ என்ற எழுத்து இருக்கும். செனட்டுக்கு ‘எஸ்’. அன்றாடச் சுருக்கத்துக்கு ‘டி’. நான்காவது பகுதிக்கு ‘ஈ’. அதன் பெயர் எக்ஸ்டென்ஷன்ஸ் ஆஃப் ரிமார்க்ஸ், அதாவது உரைகளின் பிற்சேர்க்கை.

சாதாரண மனிதர்களைத் தேடுகிறவர்கள் இந்த ‘ஈ’ பக்கங்களுக்குத்தான் போக வேண்டும். பட்ஜெட்டும் போரும் மற்றப் பக்கங்களில் நடந்துகொண்டிருக்கும்போது இங்கே வேறோர் உலகம் இருக்கிறது. ஓய்வு பெறும் பள்ளி ஆசிரியை, நூறு வயதைத் தொட்ட பாட்டி, மாநிலப் போட்டியில் வென்ற பள்ளிக் கூடைப்பந்து அணி, சாரணர் இயக்கத்தின் உயர்ந்த நிலையை எட்டிய சிறுவன், ஐம்பது ஆண்டுகளாக ஒரே தெருமுனையில் நடக்கும் உணவகம், ஊதியம் வாங்காமல் தீயணைப்புப் பணி செய்தவர் என்று வரிசையாக வருவார்கள்.

ஒரு பதிவின் வடிவம் ஏறத்தாழ இப்படி இருக்கும். மேலே யாருக்குப் பாராட்டு என்று பெரிய எழுத்தில் தலைப்பு. அடுத்து உறுப்பினரின் பெயர், மாநிலம், தேதி. பிறகு, “சபாநாயகர் அவர்களே, இன்னாரைப் பாராட்ட நான் இன்று எழுந்து நிற்கிறேன்” என்று தொடக்கம். மூன்று நான்கு பத்திகளில் அந்த மனிதரின் வாழ்க்கை. இறுதியில், அவைத் தோழர்கள் என்னுடன் சேர்ந்து இவரை வாழ்த்த வேண்டும் என்ற வேண்டுகோள்.

உண்மையில் உறுப்பினர் எழுந்து நின்றிருக்க மாட்டார். அவைத் தோழர்கள் சேர்ந்து வாழ்த்தியிருக்கவும் மாட்டார்கள். இந்தப் பகுதி, பேசாமலே எழுதிக் கொடுத்ததை அச்சிடுவதற்கென்றே இருக்கிறது. பெரும்பாலும் அலுவலக ஊழியர் வரைவு எழுதுவார், உறுப்பினர் கையொப்பமிட்டு அனுப்புவார், மறுநாள் இதழில் வந்துவிடும். இதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. பேசாமல் சேர்த்தவை வேறு எழுத்துருவில் அச்சாகும் என்ற குறிப்பைப் பிரதிநிதிகள் சபைப் பகுதியின் அடியில் பதிவேடே தருகிறது. செனட்டர்கள் பேசாமல் சேர்த்தவற்றுக்குப் பக்கத்தில் ஒரு கரும்புள்ளி இருக்கும்.

அரசியலமைப்பு கட்டாயமாக்கியிருக்கும் அவைக் குறிப்பேடு வேறு, இந்தப் பதிவேடு வேறு. ஒவ்வோர் அவையும் தன் நடவடிக்கைகளுக்கு ஒரு குறிப்பேடு வைத்திருக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் முதல் உறுப்பு. என்ன முன்மொழியப்பட்டது, எப்படி வாக்களிக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். நம் தமிழ்ப் பள்ளி ஆசிரியையின் பெயர் அதில் ஏறாது. பதிவேட்டில்தான் ஏறும்.

படிகள்

கீழிருந்து மேலாகப் பார்ப்போம்.

1. சான்றிதழ். உறுப்பினரின் அலுவலகம் தனக்கு ஒதுக்கப்பட்ட அலுவலகச் செலவுத் தொகையிலிருந்து அச்சிட்டுத் தருவது. வாக்கெடுப்பு கிடையாது, குழு ஆய்வு கிடையாது, பதிவேட்டிலும் வராது. “சிறப்பு காங்கிரஸ் அங்கீகாரம்” என்பது போன்ற வாசகம் அதில் இருப்பதால் பார்ப்பவர்களுக்கு மயக்கம் வருகிறது. உறுப்பினர்கள் அரசுச் செலவில் அனுப்பும் வாழ்த்துக்கு ஒரு விதி உண்டு: பெறுபவர் ஏதேனும் பொதுச் சிறப்பை அடைந்தவராக இருக்க வேண்டும். பண்டிகை வாழ்த்து அட்டையை அப்படி அனுப்பச் சட்டம் இடம் தராது.

2. நாடாளுமன்றக் கட்டடத்தின் மேல் பறந்த கொடி. உறுப்பினரின் அலுவலகம் வழியாக யார் வேண்டுமானாலும் விலை கொடுத்து வாங்கலாம். இன்ன நாளில் இன்னாருக்காக ஏற்றப்பட்டது என்று சான்றிதழும் வரும். 1937 முதல் இருக்கும் வழக்கம் இது. அன்பளிப்பாக அழகானதுதான், ஆனால் விருது அன்று.

3. பதிவேட்டின் ‘ஈ’ பக்கப் பாராட்டு. மேலே விளக்கியது.

4. ஒரு நிமிட உரை. பிரதிநிதிகள் சபையின் நாள் தொடங்கும் வேளையில் உறுப்பினர்கள் எந்தப் பொருள் பற்றியும் ஒரு நிமிடம் பேசலாம். எழுதிச் சேர்ப்பதானாலும் 300 சொற்களுக்கு மிகக்கூடாது. இது விதிப் புத்தகத்தில் உள்ள உரிமை அல்ல. சபாநாயகரின் விருப்பத்தைப் பொறுத்து, நீண்ட வழக்கத்தால் நிலைத்துவிட்ட ஒன்று. இங்கே உறுப்பினர் உண்மையிலேயே நின்று பேசுகிறார், கேமராவில் பதிவாகிறது. ஆனால் கேட்க எத்தனை பேர் இருந்தார்கள் என்பது அந்தக் காணொளியில் தெரியாது, ஏனென்றால் கேமரா பேசுபவரை மட்டுமே காட்டும். 1984 மே மாதத்தில், நாள் முடிவில் நீண்ட உரைகள் நடந்துகொண்டிருந்தபோது, சபாநாயகர் டிப் ஓ’நீல் கேமராவைச் சுழற்றிக் காட்டச் சொன்னார். வெறும் நாற்காலிகள் தெரிந்தன. பெரும் சச்சரவு எழுந்தது.

5. அவைத் தீர்மானம். முன்மொழிவது எளிது, ஒரு உறுப்பினர் போதும். நிறைவேறுவது வேறு. முன்மொழியப்பட்டவற்றில் பல, குழுவுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே தங்கிவிடுகின்றன.

6. தபால் நிலையத்துக்குப் பெயர் சூட்டும் சட்டம். சாதாரண மனிதர் ஒருவரை நாட்டின் சட்டம் நினைவில் வைத்துக்கொள்ளும் வழி இது. அந்த மாநிலத்துப் பிரதிநிதிகள் அனைவரும் இணைந்து ஆதரித்தால்தான் சபையின் குழு இதை எடுத்துக்கொள்ளும் என்பது மரபு. பிறகு இரு அவைகளும் நிறைவேற்றி, குடியரசுத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். டெக்சாஸின் ஹூஸ்டன் நகரில் ஒரு தபால் நிலையத்துக்குச் சந்தீப் சிங் தாலிவால் என்று பெயர். ஹாரிஸ் மாவட்டக் காவல் துறையில் டர்பனோடும் தாடியோடும் பணியாற்ற அனுமதி பெற்ற முதல் சீக்கியர் அவர். 2019 செப்டம்பரில் வாகனச் சோதனையின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயரைச் சூட்டும் மசோதா 2020 டிசம்பரில் சட்டமானது.

7. நாடாளுமன்றத் தங்கப் பதக்கம். உச்சப் படி. முதலில் பெற்றவர் ஜார்ஜ் வாஷிங்டன், 1776-ல். இதற்கும் தனிச் சட்டம் வேண்டும். அவைக்கு வருவதற்கு முன்பே பிரதிநிதிகள் சபையில் 290 பேர், செனட்டில் 67 பேர் இணை ஆதரவாளர்களாகக் கையெழுத்திட்டிருக்க வேண்டும், அதாவது மூன்றில் இரண்டு பங்கு.

இந்த ஏழாவது படியோடு ஒட்டி ஒரு தனிக் குழப்பம் உண்டு. அதில் நம் வீட்டுப் பிள்ளைகள் சிக்கிக்கொள்கிறார்கள். காங்கிரஷனல் அவார்டு என்று இளைஞர்களுக்கான திட்டம் ஒன்று 1979-ல் சட்டத்தால் தொடங்கப்பட்டது. தொண்டு, தன்முன்னேற்றம், உடற்பயிற்சி, பயணம் என்று நான்கு துறைகளில் குறித்த மணிநேரத்தை முடிப்பவர்களுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று பதக்கங்கள் தரப்படுகின்றன. தங்கத்துக்குத் தொண்டு மட்டுமே 400 மணி நேரம். யாரோடும் போட்டி இல்லை, உழைத்து முடித்தவர் எல்லோருக்கும் உண்டு. 400 மணி நேரம் தொண்டு செய்த பிள்ளை உச்சி முகரத் தக்க பிள்ளைதான். ஆனால் அந்தப் பதக்கத்தை “வாஷிங்டனும் ரோசா பார்க்ஸும் பெற்ற பதக்கம்” என்று எழுதுவது தவறு. பெயர் ஒலிப்பில் நெருக்கம், பொருளில் இல்லை.

ஏன் இவ்வளவு பாராட்டுகிறார்கள்?

இந்தியாவில் ஒரு குடிமகனைச் சிறப்பிப்பது பெரும்பாலும் அரசாங்கத்தின் வேலை. பத்ம விருதுகள் அப்படித்தான் வருகின்றன, மாநில விருதுகளும் அப்படியே. நம் நாடாளுமன்றத்திலும் பூஜ்ய நேரம் இருக்கிறது, ஆனால் அது ஊருக்குச் சாலை இல்லை, ரயில் நிற்கவில்லை என்று குறை சொல்லும் நேரம். தொகுதியில் ஓய்வு பெறும் பஸ் ஓட்டுநரைப் பற்றி அவையில் பேசும் வழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. கனடாவில் இருக்கிறது. அங்கே கேள்வி நேரத்துக்கு முன்பு பதினைந்து நிமிடம் உறுப்பினர்களின் சிற்றுரைகளுக்கென்று ஒதுக்கி, ஓர் உறுப்பினருக்கு அறுபது விநாடி தருகிறார்கள்.

அமெரிக்காவில் இந்த வழக்கம் செழித்ததற்கு முதல் காரணம் தேர்தல். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஏழரை லட்சம் பேரிடம் போய் நிற்க வேண்டியவருக்குத் தன் பெயர் ஊரில் நல்லவிதமாக அடிபட வேண்டும். அரசியல் அறிஞர் டேவிட் மேஹ்யூ 1974-லேயே இதைத் தெளிவாகச் சொன்னார். மறுதேர்தலை நாடும் உறுப்பினர் மூன்று வேலைகளைச் செய்கிறார்: தன்னை விளம்பரப்படுத்துவது, நடந்த நன்மைக்குப் பெயர் வாங்குவது, ஒரு நிலைப்பாட்டை அறிவிப்பது. ஊர்க்காரரைப் பாராட்டுவது முதல் வகையில் சேரும். செலவு இல்லை, எதிர்ப்பு இல்லை. எந்தக் கட்சிக்காரரும் நூறு வயதுப் பாட்டியை எதிர்த்துப் பேச மாட்டார்.

சரி, தேர்தலுக்காகத்தானே என்று தள்ளிவிடலாமா? எனக்கு உடன்பாடு இல்லை. பிரதிநிதி என்ற சொல்லின் பொருளே தலைநகரில் ஊரை நினைவூட்டுபவர் என்பதுதான். ஒரு சிற்றூரில் முப்பத்தைந்து ஆண்டு பள்ளிப் பஸ் ஓட்டியவரின் பெயர் நாட்டின் பதிவேட்டில் எழுத்தாக நிற்கிறது. எழுதியவரின் நோக்கம் எதுவாக இருந்தாலும் அந்தப் பெயர் அங்கிருந்து அழிவதில்லை.

1995-ல் விழுந்த தடை

பாராட்டு பெருகினால் என்ன ஆகும் என்பதையும் அந்த நாடு பார்த்துவிட்டது. 1980களில் இன்ன வாரம், இன்ன மாதம் என்று தேசிய நாட்களை அறிவிக்கும் மசோதாக்கள் குவிந்தன. அப்படியொரு மசோதாவை எடுத்துக்கொள்ளப் பிரதிநிதிகள் சபைக் குழு 218 இணை ஆதரவாளர்களைக் கேட்டது. ஊழியர்கள் அலுவலகம் அலுவலகமாக அலைந்து கையெழுத்துத் திரட்டினார்கள். நிறைவேறிய சட்டங்களில் கணிசமான பங்கு இவையாகவே இருந்தன.

1995 ஜனவரியில் புதிய பெரும்பான்மை பொறுப்பேற்றபோது பிரதிநிதிகள் சபை ஒரு விதி கொண்டுவந்தது. ஒரு குறிப்பிட்ட காலப்பகுதியைப் பெயரிட்டு நினைவுகூரும் மசோதாவையோ தீர்மானத்தையோ இனி முன்மொழியவும் கூடாது, பரிசீலிக்கவும் கூடாது. இந்த விதி தடுப்பது நாளையும் வாரத்தையும் மாதத்தையும்தான், தனிமனிதரைப் பாராட்டுவதை அல்ல. செனட்டுக்கு இது பொருந்தாது. சபையிலும் “இன்ன மாதமாக அறிவிக்கும் எண்ணத்தை ஆதரிக்கிறோம்” என்பது போல வாசகத்தை வளைத்துத் தீர்மானங்கள் முன்மொழியப்படுகின்றன.

நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு செய்தி இங்கேதான் வருகிறது. 2025 ஜனவரியில், பொங்கலை ஒட்டி, இலினாய் மாநில உறுப்பினர் ராஜா கிருஷ்ணமூர்த்தி, ஜனவரியைத் தமிழ் மொழி மற்றும் மரபு மாதமாகக் கொண்டாடும் தீர்மானம் ஒன்றை முன்மொழிந்தார். இரு கட்சியினரும் சேர்ந்து ஆதரித்தார்கள். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஒருவர் அந்த அவையில் அமர்ந்து தமிழ் என்ற சொல்லைத் தீர்மானத்தில் எழுதுவது மகிழத் தக்கதுதான். ஆனால் முன்மொழிந்த நாளன்றே ‘அமெரிக்கா தமிழ் மாதம் அறிவித்தது’ என்று பரப்பினால் அது பிழை. கனடாவில் நடந்தது இதிலிருந்து வேறுபட்டது. கேரி ஆனந்தசங்கரி கொண்டுவந்த தமிழ் மரபு மாதத் தீர்மானத்தை 2016 அக்டோபரில் அந்நாட்டு மக்களவை வாக்களித்து நிறைவேற்றியது. அங்கே பேசியது அவை.

சொன்னதைச் சரிபார்ப்பது யார்?

யாரும் இல்லை. கசப்பாக இருந்தாலும் உண்மை இதுதான்.

1971 ஏப்ரல் முதல் தேதி டெக்சாஸ் மாநிலச் சட்டமன்றத்தில் டாம் மூர் என்ற உறுப்பினர் ஆல்பர்ட் டிசால்வோ என்பவரைப் பாராட்டித் தீர்மானம் கொண்டுவந்தார். மக்கள்தொகைக் கட்டுப்பாட்டிலும் உளவியலிலும் அவர் வழக்கத்துக்கு மாறான உத்திகளைக் கையாண்டவர் என்று அதில் எழுதியிருந்தது. தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது. டிசால்வோ, பாஸ்டன் நகரில் வரிசையாகப் பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றதாக ஒப்புக்கொண்டவர், வேறு குற்றங்களுக்காகச் சிறையில் இருந்தவர். தோழர்கள் எதையும் படிக்காமலே வாக்களிக்கிறார்கள் என்று காட்டத்தான் மூர் அதைக் கொண்டுவந்தார், பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டார். கொலையுண்ட பெண்களின் குடும்பங்களை நினைத்தால் அந்தப் பாடம் கற்பிக்கப்பட்ட விதம் எனக்கு உவப்பானதல்ல. ஆனால் அது காட்டிய குறை மெய்யானது.

2009-ல் தேசிய அளவில் வேறு வகையில் அது வெளிப்பட்டது. மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் விவாதத்தில் இருந்தபோது இரு கட்சிகளையும் சேர்ந்த உறுப்பினர்கள் பலரின் உரைகள் பதிவேட்டில் ஏறக்குறைய ஒரே வாசகத்தில் வந்திருந்தன. ஒரு மருந்து நிறுவனத்தின் ஆள்கள் எழுதிக் கொடுத்த வாசகம் அது. பேசாமல் சேர்க்கும் வசதி ஊர்ப் பாட்டிக்கும் உதவும், நிறுவனத்துக்கும் உதவும்.

பாராட்டிலும் இதே வழி திறந்திருக்கிறது. தன்னைப் பற்றிய குறிப்பைத் தானே எழுதி உறுப்பினர் அலுவலகத்துக்கு அனுப்பி, அதையே வாழ்த்துரையாக வாங்கி, அதை விளம்பரத்தில் போட்டு ஆள் சேர்க்க முடியும். அந்தச் சான்றிதழை நம்பிப் பணம் போடுகிறவர், பிள்ளையை ஒப்படைக்கிறவர், சிகிச்சைக்கு உடம்பைக் காட்டுகிறவர் ஏமாறினால் அவருக்கு ஈடு சொல்ல யாரும் இல்லை. சான்றிதழின் தன்மையைத் தெளிவாகச் சொல்லாத செய்தியாளருக்கும் அதில் பங்கு உண்டு.

உச்சப் படி தாமதமாகத்தான் வருகிறது

அப்படியானால் கடுமையான நிபந்தனையுள்ள தங்கப் பதக்கம் மட்டும்தான் மதிக்கத் தக்கதா? 6888-வது மத்திய அஞ்சல் படைப்பிரிவின் கதையைப் பார்த்தால் விடை அவ்வளவு எளிதாக இல்லை.

இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பாவில் இருந்த அமெரிக்க வீரர்களுக்கு வீட்டிலிருந்து வந்த கடிதங்கள் இங்கிலாந்தின் பர்மிங்காமில் கிடங்குகளில் மலைபோல் தேங்கிக் கிடந்தன. 1945 தொடக்கத்தில் 855 பெண்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். தலைவி மேஜர் சாரிட்டி ஆடம்ஸ். குளிர்ந்த கிடங்குகள், வான் தாக்குதலுக்கு அஞ்சிக் கறுப்புச் சாயம் பூசிய ஜன்னல்கள், பொட்டலங்களில் கெட்டுப்போன கேக்கைத் தின்ன வந்த எலிகள். பல உறைகளில் செல்லப்பெயர் மட்டும் இருந்தது. ராபர்ட் ஸ்மித் என்ற பெயரில் மட்டும் 7,500 பேர் இருந்ததாகச் சொல்வார்கள். வீரர்களுக்குத் தனித்தனி அட்டை எழுதி, அடையாள எண்ணைப் பார்த்துப் பிரித்தார்கள். மூன்று ஷிஃப்டாக வேலை, இரவு பகல் நிற்காது. ஆறு மாதம் தந்திருந்தார்கள், மூன்று மாதத்தில் முடித்துவிட்டார்கள். ஏறத்தாழ 1.7 கோடி கடிதங்களும் பொட்டலங்களும்.

திரும்பி வந்தபோது அவர்களுக்கு அணிவகுப்பு இல்லை. தங்கப் பதக்கத்துக்கான சட்டம் கையெழுத்தானது 2022 மார்ச்சில். பதக்கம் வழங்கும் விழா நடந்தது 2025 ஏப்ரலில், அதாவது எண்பது ஆண்டுகள் கழித்து. மேஜர் ஆடம்ஸ் 2002-லேயே இறந்துவிட்டார். 855 பேரில் ஏறக்குறைய எல்லோரும் போய்விட்டார்கள்.

290 கையெழுத்தும் 67 கையெழுத்தும் அந்தப் பதக்கத்துக்கு மதிப்பைத் தருகின்றன. அதே கையெழுத்துகள்தான் அதைப் பெற வேண்டியவரின் ஆயுளைத் தாண்டிக் கொண்டுபோகவும் செய்கின்றன. ‘ஈ’ பக்கம் அப்படியல்ல. பாராட்டப்படுபவர் கையில் பிடித்துப் படிக்கும் காலத்திலேயே அது வந்துவிடுகிறது. அவருடைய தெருவை அறிந்த ஒருவர் எழுதியது, அவருடைய தெருவில் இருப்பவர்கள் படித்துச் சரிபார்க்கக்கூடியது. எளிய படி என்பதால் அதைச் சிறுமைப்படுத்துவதும் தவறு, உச்சப் படி என்று பொய் சொல்லி உயர்த்துவதும் தவறு. இரண்டாவது தவறு முதல் தவறைக் கொண்டுவருகிறது. மிகைப்படுத்தியது வெளிப்பட்டதும், ‘வெறும் காகிதம்தானா’ என்று மக்கள் உண்மையான பாராட்டையும் உதறிவிடுகிறார்கள்.

அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால்

1. வழங்கப்பட்டது என்ன என்று பாருங்கள். சான்றிதழா, கொடியா, பதிவேட்டுப் பக்கமா, தீர்மானமா, சட்டமா? செய்தியில் இது சொல்லப்படவில்லை என்றால் பெரும்பாலும் சான்றிதழ்தான்.

2. கூட்டாட்சி நாடாளுமன்றமா, மாநிலச் சட்டமன்றமா, நகர மன்றமா என்று பாருங்கள். மாநிலச் செனட்டரைச் ‘செனட்டர்’ என்று மட்டும் எழுதுவதால் வாஷிங்டன் செனட்டராகத் தோன்றும். நகரத் தந்தை வெளியிடும் ‘இன்னார் தினம்’ அறிவிப்புக்கும் நாடாளுமன்றத்துக்கும் தொடர்பே இல்லை.

3. தீர்மானம் என்றால் முன்மொழியப்பட்டதா, நிறைவேறியதா? நாடாளுமன்ற இணையதளத்தில் தீர்மானத்தின் எண்ணைத் தட்டினால் அது எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். ‘குழுவுக்கு அனுப்பப்பட்டது’ என்று இருந்தால் இன்னும் நிறைவேறவில்லை.

4. பதிவேட்டில் வந்தது என்றால் தேதியும் பக்க எண்ணும் கேளுங்கள். பழைய இதழ்கள் வரை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம், பெயரைக் கொண்டு தேடலாம். பக்க எண்ணின் முன்னால் இருக்கும் எழுத்தே பாதி விவரத்தைச் சொல்லிவிடும்.

5. வாசகத்தைப் படியுங்கள். ‘சமூகத்துக்கு ஆற்றிய அரும்பணி’, ‘தலைமைப் பண்பு’, ‘பலருக்கும் முன்மாதிரி’ என்று மட்டும் இருந்தால், பெயரை மாற்றினால் அது வேறு யாருக்கும் பொருந்தும். எந்த ஊர், எந்தப் பள்ளி, எத்தனை ஆண்டு, என்ன செய்தார் என்று ஒரு வரியாவது இருந்தால் எழுதியவர் அவரை அறிந்து எழுதியிருக்கிறார். செய்தியாளர் தலைப்பில் வைக்க வேண்டியது அந்த வரியைத்தான்.